பெல்ட் மூடியும் எலுமிச்சம்பழமும்

துருப்பிடித்துக் கிடந்த டிரில்லிங் மெஷினுக்குப் புது பேரிங், புது பெயிண்ட் எல்லாம் போட்டார் பட்டறைக்காரர் தங்கையா. கழற்றிய பெல்ட் மூடியைத் திரும்ப மாட்டத்தான் சோம்பல். மூடி இருந்த இடத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார்.

“இனிமே இங்க நான்தான் காவல். உன்னை யாரு தேடுறா?” என்றது பழம், தரையில் கிடந்த மூடியிடம்.

“நீ காவலா? உன்னை நறுக்கினா ஊறுகாய்க்கே காணாது. முதல்ல உன் கயிறு பெல்ட்டை உரசுதான்னு பாரு.”

தங்கையா சுவிட்சைப் போட்டார். பெல்ட் கயிற்றைக் கவ்வி இழுத்தது. பழம் நசுங்கித் தெறித்தது. அதைப் பிடிக்கப் போன அவருடைய விரல் மயிரிழையில் தப்பியது.

முகத்தில் வழிந்த சாற்றைத் துடைத்துக்கொண்டு, “நல்லவேளை, திருஷ்டி கழிஞ்சுது” என்றார்.

அடுத்து இன்னும் பெரிய பழமாக வாங்கி வந்தார். அதை மெஷினின் உச்சியில் கட்ட எட்டவில்லை. மூடியை இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றார்.