ஏரிக்கு மட்டும் தடை

பேராசிரியரின் நினைவுப் பரிசுக்கு ஒரே ஒரு விதிதான்: அவர் மூழ்கிப்போன ஏரியை மட்டும் யாரும் ஆய்வு செய்யக் கூடாது. பரிசை நிறுவியவர் அவருடைய மனைவி. அவரது துக்கத்தை மதித்து, புவியியல் துறையே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இந்த வருடம் ஒரு மாணவி விதியை மீறிவிட்டாள். துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, உனக்கு வேற ஏரியே கிடைக்கலையா?"

"ஆழம் அளக்கத்தான் சார் இறங்கினேன். எங்க இறங்கினாலும் முழங்கால் அளவுதான் தண்ணி. இதுல பேராசிரியர் எப்படி மூழ்கினார்னு அக்கரைக்குப் போய் விசாரிச்சேன்."

"விசாரிச்சு?"

"அவரே டீ போட்டுக் கொடுத்தார் சார். அங்க கடை வெச்சிருக்கார்."

துறைத்தலைவர் அன்று மாலையே பேராசிரியர் வீட்டுக்குப் போனார். வருடாவருடம் மேடையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அந்த அம்மாளிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். கேட்டதும் அவர் குமுறிக் குமுறி அழுதார்.

"அழாதீங்கம்மா, நல்ல சேதிதானே!"

"என்ன சார் நல்ல சேதி? சமையலறையில கூட மேப்பை மாட்டி எனக்கு வகுப்பெடுத்த மனுஷன் அவரு. அங்க இருக்கிறது எனக்குத் தெரியாதா? நீங்க யாராவது போய்க் கூட்டிட்டு வந்துடக் கூடாதுன்னுதானே அந்த விதியையே போட்டேன்!"