இன்னும் நேரம் வேண்டுமா?

"ஐயோ, போச்சு! பேரைப் படிக்கிறதுக்குள்ள அடுத்த டாக்டர் வந்துட்டார்!" என்றாள் மனைவி.

சாப்பாட்டு மேசை மேல் லேப்டாப் திறந்திருந்தது. கணவனும் மனைவியும் அதன் முன்னால் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கணவர் வெப்சைட் வடிவமைப்பவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்காக அவர் செய்திருந்த பக்கத்தில் டாக்டர்களின் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன.

"அழகா நகருதுல்ல?"

"அழகுதான். ஆனா எல்லாரும் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி எதுக்கு ஓடுறாங்க? எனக்குத் தலை சுத்துது. நிறுத்துறதுக்கு ஒரு பட்டன் வைங்க."

"உன் ஒருத்திக்காகவா?"

"ஆமா, என் ஒருத்திக்காகத்தான். கட்டிக்கிட்டீங்கல்ல?"

இதற்கு மேல் எந்தக் கணவனால் வாதாட முடியும்? பட்டன் வந்தது.

நீண்ட லீவுக்குப் பிறகு அவர் கைக்கு வந்த முதல் வேலை இது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னொரு கம்பெனியிடமும் ஒரு பக்கம் செய்யச் சொல்லியிருந்தார்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார்களாம். "இது கைவிட்டுப் போச்சுன்னா உங்க இடத்துக்கு வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்," என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அடுத்த புகார். பெயர், வயது, என்ன தொந்தரவு என்று நிரப்ப வேண்டிய முன்பதிவுப் படிவம், பாதியிலேயே 'நேரம் முடிந்தது' என்று சொல்லி, எழுதியதை எல்லாம் துடைத்துவிட்டு முதல் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

"பாதிச் சாப்பாட்டுல தட்டைப் பிடுங்குற மாதிரி இருக்கு! என் வேகத்துக்கு இது ஒத்து வராது. முடிக்கிறதுக்கு முன்னாடி 'இன்னும் நேரம் வேணுமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"நோயாளி பாதியில எழுந்து போயிட்டா, அவர் விவரத்தை வேற யாரும் பார்த்துடக் கூடாதுன்னுதான் நேரம் வெச்சிருக்கு."

"தாராளமா வைங்க. கேட்டுட்டு முடிங்க. எழுதினதை அழிக்காதீங்க."

"ஆமையைப் போய் கட்டிக்கிட்டேனே!"

"ஆமைக்கு ஓடு கெட்டி. நீங்க சொல்றது எதுவும் உறைக்காது."

அவர் சிரித்துக்கொண்டே மாற்றினார். அந்த வாரம் முழுக்க அவள் விடவில்லை. கடைசியில் குதித்துக் குதித்து வந்த எழுத்துகள்கூட ஒழுங்காக வரிசையில் நின்றன.

தேர்வு நாள் வந்தது. அவரும் முதலாளியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகி அம்மாள் பெரிய கெட்டிக்காரி. வெளியே காத்திருந்த நோயாளிகளையே கூட்ட அறைக்குள் கூப்பிட்டு, இரண்டு பக்கங்களிலும் முன்பதிவு செய்து பார்க்கச் சொன்னார்.

போட்டிக் கம்பெனியின் பக்கம் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. கையில் கட்டுப் போட்டிருந்த டாக்சி டிரைவர் ஒருவர் ஒற்றை விரலால் தட்டத் தட்ட, நேரம் முடிந்து அது அவரை வெளியே தள்ளியது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. கணவர் செய்த பக்கத்திலோ, 'இன்னும் நேரம் வேண்டுமா?' என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது. டிரைவர் 'வேண்டும்' என்று அழுத்தினார். மறுபடி கேட்டது, மறுபடி அழுத்தினார்.

"நானே போட்டுட்டேன்! யாரையும் கேக்கல!" என்று டிரைவர் அறையையே ஒரு சுற்று பார்த்தார்.

"எங்களுக்கு இதுதான் வேணும்," என்றார் நிர்வாகி. "இந்த யோசனை எல்லாம் யாரோடது?"

"என் மனைவியோடது, மேடம்."

முதலாளி முந்திக்கொண்டார். "அவங்களுக்கு எல்லாமே மெதுவாத்தான் வருமாம் மேடம். தினமும் இவர்கிட்ட ஒரே புகார்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. எங்களோட மத்த பக்கங்களையும் அப்படிப்பட்ட ஒருத்தர்தான் பார்த்துச் சொல்லணும். அவங்களையே வேலைக்கு வெச்சுக்கறோம், கூட்டிட்டு வாங்க."

கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"அவ சரிப்பட மாட்டா மேடம். கோர்ட்டுல சுருக்கெழுத்தாளரா இருக்கா. வக்கீல் மூச்சு விடுறதுக்குள்ள, அவர் சொன்னதை எழுதிட்டு அடுத்ததுக்குக் காத்திருப்பா. அங்க அவ வேகத்தை மிஞ்ச ஆளே கிடையாது."

முதலாளி திருதிருவென்று விழித்தார். "அப்போ தலை சுத்தினது, நேரம் பத்தாமத் திணறினது எல்லாம்..?"

"நான்தான் சார். பக்கவாதம் வந்துட்டுப் போனதுலேர்ந்து என் வலது கை சொன்ன பேச்சைக் கேக்கறதில்லை, எது நகர்ந்தாலும் தலை சுத்துது. பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தவ, 'உங்களால முடியல'ன்னு ஒரு நாள்கூடச் சொல்லல. 'என்னால முடியல'ன்னேதான் சொன்னா."