சாக்கட்டி போட்ட பெருக்கல் குறி

தையல் பெட்டியில் கத்திரிக்கோல் அண்ணனுக்கு வாய் ஜாஸ்தி. பாப்பாவின் பாவாடைக்கு அது நாலு துண்டு வெட்டியதும், துணியில் கோடு போடும் சாக்கட்டி ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி போட்டது.

"தேய்ஞ்சு போறவளுக்கு எதுக்குடி இந்தக் கிறுக்கல்?" என்று கத்திரிக்கோல் சிரித்தது. சாக்கட்டி தலையைக் குனிந்துகொண்டது.

அந்நேரம் பார்த்து ஃபேன் காற்றில் துண்டுகள் பறந்து கலைந்தன. வீட்டு வெளிச்சத்தில் நல்ல பக்கமும் உள்பக்கமும் பார்வைக்கு ஒரே நீலம்.

"உள்பக்கத்தை வெளியே வச்சுத் தைச்சா, வெயில்ல அந்தத் துண்டு மட்டும் வெளுப்பாத் தெரியுமே! பாப்பா நாளைக்குப் போடணுமே!" என்று ஊசி அழுதது.

"திருப்பிப் பாருங்கக்கா," என்றது சாக்கட்டி மெல்ல.

நாலிலும் குறி இருந்தது. குறி போட்ட பக்கத்தை உள்ளே வைத்து ஊசி குடுகுடுவென்று ஓடித் தைத்தது. மறுநாள் வெயிலில் பாவாடை ஒரே நீலமாய்ச் சுழன்றது.

அடுத்த துணி வந்தபோது கத்திரிக்கோல் ஒதுங்கி நின்றது. "தங்கச்சி, முதல்ல நீ குறி போடும்மா. அப்புறம்தான் வெட்டுவேன்."