லாக்குக்குள்ள ரேஸ் குடுக்காதே

"அட பாழாப் போறவனே! உன் இஞ்சின் வெடிச்சுச் சிதற! லாக்குக்குள்ள ரேஸ் குடுக்காதன்னு எத்தினி வாட்டிடா சொல்றது?"

கிருஷ்ணசாமி தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். கத்த மாட்டாரா பின்னே? மோட்டார் படகு கிளப்பிய அலை கரையிலிருந்த அவர் வீட்டுப் படியேறி வந்து, அவர் துவைத்து வைத்திருந்த வேட்டியை அள்ளிக்கொண்டு போய்விட்டதே!

படகில் இருந்த மீன்காரப் பெண்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். படகை ஓட்டிய சக்கரபாணிக்கு மட்டும் கொஞ்சம்கூட உறைக்கவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு சாவகாசமாக நின்றான்.

"கேக்கல பெரியப்பா! இன்னும் கொஞ்சம் சத்தமா!"

"உன் காதுல இடி விழ!"

"ஆங், இப்ப கேட்டுது!"

மறுபடி இஞ்சினைக் கிளப்பப் போனவனை மீன்காரி வீரம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, நீயெல்லாம் நல்லா இருப்பியா? ஒண்டிக்கட்டையா கெடக்கற மனுஷன். தினம் தினம் அவர வம்புக்கு இழுத்துக்கினு வர்றியே, வெக்கமா இல்ல?"

அது கிருஷ்ணசாமியின் காதிலும் விழுந்தது. வேட்டி போனதைவிட அந்த ஒண்டிக்கட்டைதான் சுருக்கென்று தைத்தது.

மரக்காணம் போகிற கால்வாயில் அந்த லாக்கு ஊரை விட்டு விலகி இருந்தது. கதவு போட்டுத் தண்ணீரைத் தேக்கிப் படகுகளை ஏற்றி இறக்க வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கதவெல்லாம் எப்போதோ மக்கிப் போச்சு. இப்போது இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், நடுவில் ஒடுக்கமாகத் தண்ணீர், அவ்வளவுதான். அதற்குள் வேகமாக வந்தால் அலை போக வழியில்லாமல் கரையேறிவிடும். கதவு இருந்த காலத்தில் அதைத் திறந்து மூடியவர் கிருஷ்ணசாமி என்று மற்ற படகுக்காரர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் வீட்டைத் தாண்டும்போது சத்தமில்லாமல் போவார்கள். இந்த ஒரு பயலுக்குத்தான் திமிர்.

மனைவி செத்ததும், "என்னோட திண்டிவனத்துக்கு வந்துடுப்பா" என்று மகன் தீனதயாளன் கூப்பிட்டான்.

"நான் வந்துட்டா இந்த எடத்த யாரு பாக்கறது?"

அங்கே பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் வார்த்தை தடித்தது. "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். பையனும் ரோஷக்காரன். இரண்டு வருஷமாக மிதிக்கவில்லை. ஒரு செல்போன் மட்டும் வாங்கி அனுப்பினான். அதையும் கால்வாயில் வீசினார். வீசிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பொழுது விடிந்து பொழுது போனால் பேச ஒரு நாதி கிடையாது. வாயைத் திறப்பதே இந்தச் சக்கரபாணியைத் திட்டத்தான். அதுவும் அந்தப் பயலுக்கு வேடிக்கையாகப் போச்சே!

'கத்தினாதானே சிரிக்கற? நாளைக்கு வாயே தொறக்க மாட்டேன், பாரு' என்று முடிவு கட்டினார்.

மறுநாள் படகுச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அலை வந்து படியில் அறைந்தது. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

இஞ்சின் நின்றது. "பெரியப்பா!"

அவர் மூச்சு விடவில்லை.

படகு பின்னால் போய் மறுபடி வந்தது. இந்தத் தடவை தண்ணீர் வாசல்வரை வந்தது.

"பெரியப்பா! இன்னிக்கி இன்னா, திட்ட மாட்டீங்களா?"

கிருஷ்ணசாமிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினார். கத்தட்டும், கத்திக் கத்தித் தொண்டை கட்டட்டும்.

தொபுக்கென்று யாரோ தண்ணீரில் குதிக்கும் சத்தம். அடுத்த நொடி கதவு படாரென்று திறந்தது. இடுப்புவரை நனைந்து சக்கரபாணி நின்றான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாயில் துண்டோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே தரையில் குந்திவிட்டான்.

"அப்பாடா" என்று பெருமூச்சு விட்டவன், கையிலிருந்த செல்போனைக் காதில் வைத்தான். "இருக்காருடா. குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு இருக்காரு. நீ அழுவாத."

"யாருகிட்டடா பேசற?" துண்டு கீழே விழுந்தது.

சக்கரபாணி தலையைச் சொறிந்தான். "உங்க புள்ளதான் பெரியப்பா. என்னோட ஒண்ணா படிச்சவன். காலைல உங்க கொரலக் கேக்காம வேலைக்குக் கெளம்ப மாட்டேங்கறான். போனக் குடுத்தா நீங்க தூக்கி வீசிடுவீங்க. அதான் தினமும் ரேஸ் குடுத்து உங்க வாயக் கெளறிட்டு, போன மறைவா உங்க பக்கம் திருப்பி வெச்சுக்கினு நிப்பேன்."

"தினமுமா?"

"தினமுந்தான். நீங்க நல்லா திட்டிக் கிழிச்சா, 'அப்பாவுக்கு ஒடம்பு தெம்பா இருக்குடா'ன்னு சந்தோஷப்படுவான்."

போனை நீட்டினான். கிருஷ்ணசாமி இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் விசும்பல்தான் கேட்டது.

"டேய் தீனா..." குரல் உடைந்தது. "இந்தச் சக்கரபாணி என்னிய ரொம்ப பேஜாரு பண்றான்டா. நீ வந்து இன்னான்னு கேளு!"