காலை ஏழு மணி அளவு

"செருப்பை மாட்டுங்க. பேச்சே வேண்டாம், கிளம்புறோம்."

மனைவி சொல்லிவிட்டாள். பள்ளி வேன் ஓட்டுநரான கணவர் நாற்காலியை விட்டு அசைகிற மாதிரி தெரியவில்லை.

"எங்க கிளம்புறோம்? யாரு போன்ல?"

"ஆஸ்பத்திரி நர்ஸம்மா. சும்மா ஒரு தடவை உங்களைப் பார்க்கணுமாம்."



சும்மா ஒன்றும் இல்லை. "காலையில வந்த அளவு சரியில்லம்மா. உடனே கூட்டிட்டு வாங்க. விஷயத்தைச் சொல்லி அவரைப் பயமுறுத்திடாதீங்க" என்றுதான் நர்ஸ் சொல்லியிருந்தாள். மனைவி அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவள் போல நின்றாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கையில் பட்டை சுற்றிப் பிரஷரையும் நாடியையும் அளக்கிற கருவி ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து, பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும், அளவு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். பதினைந்து நாள் பிரஷர் ஒழுங்காக இருந்தால் மறுபடியும் வேன் ஓட்டலாம் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இன்று பதினாலாவது நாள்.

"நான் வரல. எனக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றார் ஓட்டுநர்.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. சொன்ன வாய் மூடல, சுருண்டு விழுந்தீங்க."

"ஒரே ஒரு நாள்தானே பாக்கி? அதை முடிச்சிட்டுப் போலாமே. புள்ளைங்க எல்லாம் எப்ப மாமா வருவீங்கன்னு கேட்டுட்டே இருக்குதுங்க."

"ஓட்டுநர் இல்லாம வேன் எங்கயும் ஓடிப்போயிடாது. எழுந்திருங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இருவருமே சளைத்தவர்கள் இல்லை. முப்பது வருடக் குடித்தனம் அப்படித்தான் ஓடியிருக்கிறது. ஆனால் இன்று அவள் குரல் உடைந்துவிட்டது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. இன்னொரு தடவை என்னால முடியாதுங்க. நீங்க எனக்கு வேணும்."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

மூன்று மாடி இறங்க வேண்டும். அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு படிப்படியாக இறக்கினாள். கீழே வந்த பிறகுதான் மருத்துவக் கோப்பு ஞாபகம் வந்தது.

"அசையாம இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, மூன்று மாடியும் திரும்ப ஏறிப் போய் எடுத்து வந்தாள். வாடகைக் காரில் உட்கார்ந்தபோது பேச முடியாமல் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"தினமும் நடக்கச் சொன்னது என்னையத்தான். நீ ஏன் மாடி மாடியா ஏறி இறங்குற?" என்று சீண்டினார்.

"வாயைக் குறைங்க. நெஞ்சுக்கு நல்லது."

ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்ஸ் சக்கர நாற்காலியோடு நின்றாள். ஓட்டுநரைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்கவைத்து, மார்பில் வயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தாள். வந்த காகிதத்தைப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். அவரும் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை எடும்மா" என்றார்.

மனைவி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க டாக்டர். ஆபரேஷன்னா இன்னிக்கே செய்யுங்க. இவரைக் காப்பாத்தாம நான் வீட்டுக்குத் திரும்பறதா இல்ல."

டாக்டர் இரண்டாவது காகிதத்தையும் நிதானமாகப் படித்தார்.

"இவர் இதயம் ஒழுங்காத்தான் துடிக்குது. நாடி எழுபத்தெட்டு."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "கேட்டாளா இவ?"

"அதான் எனக்குப் புரியல" என்றார் டாக்டர். "காலை ஏழு மணிக்கு நீங்க அனுப்பின அளவுல பிரஷர்ல குறையே இல்ல. ஆனா நாடி முப்பத்தஞ்சு. அதுவும் விட்டு விட்டு அடிச்சிருக்கு. அப்படித் துடிக்கிற இதயம் எந்த நிமிஷமும் நின்னு போகலாம்."

ஓட்டுநரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஐயோ, அது என் கையே இல்ல டாக்டர்! என் பிரஷர் இறங்கவே மாட்டேங்குதுன்னு, 'உனக்கும் பார்க்கலாம் வா'ன்னு சொல்லிப் பதினாலு நாளா இவ கையை அளந்து, இவளுக்குத் தெரியாம அனுப்பினேன்!" என்று அலறியபடி கட்டிலிலிருந்து குதித்தவர், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மனைவியைத் தாங்கிப் பிடித்து அதில் படுக்கவைத்தார்.