அடுத்த பெட்டியில் அம்மா

பள்ளிச் சீருடையில் கிளம்பிய அராசெலி, பள்ளிக்கூடத் தெருவில் திரும்பவில்லை. நேராக கேபிள் கார் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். கறிக்கடை ஓரமாக நின்றிருந்த அம்மா ஃபெலிபா அதைப் பார்த்துவிட்டாள்.

இரண்டு நாளாக மகளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். இன்று பயந்தது நடந்தேவிட்டது. தொப்பியைக் கழற்றிச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு விறுவிறுவென நடந்தாள்.

"பதினஞ்சு வயசுல பொண்ணுக்குச் சாப்பாடு இறங்கல, பொழுதுக்கும் படுக்கை, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுறான்னா வேற என்னக்கா? எவனோ இருக்கான்" என்று சந்தையில் பக்கத்துக் கடை பாசிலியா போன வாரமே சொல்லியிருந்தாள். "போன்லயே மயக்கித் தூக்கிட்டுப் போயிடுறானுங்க. ஜாக்கிரதை!"

மலைமேட்டு நகரமான எல் ஆல்டோவின் விளக்குக் கம்பங்களில் காணாமல்போன பெண்களின் படங்கள் மழையில் வெளுத்துத் தொங்கின. ஃபெலிபா அவற்றைப் பார்க்காமல் கடந்தாள்.

நிலையத்தில் காலிப் பெட்டி ஒன்று வந்தது. அராசெலி ஏறவில்லை. அடுத்ததையும் விட்டாள். யாருக்காகவோ காத்திருக்கிறாள்! ஃபெலிபா சீட்டு வாங்கி, கூட்டத்துக்குள் பதுங்கி உள்ளே வந்த பிறகுதான் அவள் மூன்றாவது பெட்டியில் ஏறினாள். தனியாக.

ஃபெலிபா அடுத்த பெட்டியில் தாவி ஏறினாள். கீழே, பள்ளத்தாக்கில், லா பாஸ் நகரத்தின் செங்கல் வீடுகள் நழுவின. முன்னால் போன பெட்டியின் கண்ணாடியில் மகளின் தலை சாய்ந்திருந்தது.

"எதுலயுமே மனசு ஒட்டலம்மா" என்று அன்றைக்கு அடுப்படியில் வந்து நின்றாளே. "உருளைக்கிழங்கை உரி, எல்லாம் ஒட்டும்" என்று விரட்டியது இப்போது நெஞ்சில் குத்தியது. 'மாதாவே, என் புள்ளைய என்கிட்டயே குடுத்துடு.'

கீழே இறங்கியதும் அராசெலி ஒரு சந்துக்குள் நுழைந்தாள். பச்சைக் கதவருகே தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன் நின்றிருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்து, உள்ளே வரும்படி கையசைத்தான்.

ஃபெலிபா அதற்குமேல் ஒளிந்து நிற்கவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி, அவன் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யாருடா நீ? என் பொண்ண எங்கடா கூட்டிட்டுப் போற?"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் அவள் கையைத் தட்டிவிடவில்லை.

"நான் இங்க மனநல டாக்டர்ம்மா. மேல பாருங்க, பலகை இருக்கு. உங்க பொண்ணு போன வாரம் தனியா வந்து ரொம்ப நேரம் அழுதுச்சு."

"எதுக்கு அழணும்? எவன் என்ன பண்ணான்?"

"யாரும் ஒண்ணும் பண்ணல. இது மனச்சோர்வு. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய்தான். வாழவே பிடிக்கலன்னு சொல்ற அளவுக்குப் போயிருக்கு. ஆனா சரிபண்ணிடலாம்."

ஃபெலிபாவின் பிடி தளர்ந்தது. எவனோ ஒருவன் என்றால் சண்டை போட்டு மீட்டிருப்பாள். இதை யாரோடு சண்டை போட்டு மீட்பது? கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா துணையில்லாம ஆகாது, அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வான்னு சொல்லியிருந்தேன்" என்றார் டாக்டர். "நல்லவேளை, கூட்டிட்டு வந்துட்டா."

"கூட்டிட்டு வந்தாளா? ஒரு வார்த்தை சொல்லல சார் இவ! நான்தான் திருடி மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு பின்னாடி வந்தேன்!"

அராசெலி தலை நிமிரவில்லை. அம்மாவின் சால்வை நுனியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"சொல்ல வாய் வரலம்மா... நீ பின்னாடி வர்றன்னு தெரிஞ்சுதான் இந்தப் பக்கம் நடந்தேன்."