கோல் கடக்கும்வரை

கட்டபெட்டு முக்கில் கயிறு கட்டிவிட்டார்கள். எஸ்டேட் ஜீப் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது.

பின்சீட்டில் தங்கமணி, அம்மா மூக்கம்மாவின் மடியில் தலைவைத்துத் துடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்தால்தான் இரண்டு உயிரும் தேறும் என்று எஸ்டேட் நர்ஸ் சொல்லி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தாள்.

வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகளெல்லாம் கூடி விளையாடப் போகின்றனவாம். அதற்காக லண்டனிலிருந்து ஒரு கோல் கைமாறிக் கைமாறி வருகிறதாம். வரட்டும், யார் வேண்டாமென்றது? அது கடக்கும்வரை ஒரு வண்டியும் நகரக்கூடாது என்றுவிட்டார்கள், பாவிகள்.

டிரைவர் மோசஸ் கும்பிட்டுப் பார்த்தான், கத்திப் பார்த்தான். போலீஸ்காரர் அசையவில்லை.

காலையில்தான் எஸ்டேட் வண்டிகளுக்கெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து, இந்த ஜீப்பும் ஊர்வலத்தைச் சேர்ந்ததுதான் என்று நினைத்துக்கொண்டு, சாலையோரம் நிறுத்தியிருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் கைதட்டினார்கள். தங்கமணி அலறியது மேளத்தில் அமுங்கிப் போனது.

கோல் வந்தது.

வெள்ளை உடுப்பில் ஓடி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் மூக்கம்மா மகளின் தலையைச் சீட்டில் கிடத்திவிட்டுக் கீழே குதித்தாள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள். கதறினாள். மேளச் சத்தத்தில் அவள் கதறியது அவளுக்கே கேட்கவில்லை.

ஓடி வந்தவர் சிரித்தார்.

“தொட்டுப் பாக்கோணுமா? பாத்துக்கங்கம்மா” என்று கோலை நீட்டினார்.

கூட்டம் ஆரவாரித்தது. யாரோ போட்டோ எடுத்தார்கள். அதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் மூக்கம்மாவை அலாக்காகத் தூக்கி ஓரத்தில் விட்டார்கள்.

கோல் வளைவு திரும்பியது. அதன் பின்னாலேயே சாலையை அடைத்துக்கொண்டு கார்கள் ஊர்ந்தன. ஒருவழியாகக் கயிற்றை அவிழ்த்து, போகலாம் என்று கையசைத்தார் போலீஸ்காரர்.

மூக்கம்மா ஜீப்பில் ஏறி மறுபடியும் மகளை மடியில் கிடத்திக்கொண்டாள்.

“அம்மா, ஆஸ்பத்திரியில டாக்டரம்மா இருப்பாங்கல்ல?”

மோசஸ் சாவியைத் திருகவில்லை. அவனும் அந்த முகத்தைப் பார்த்திருந்தான். ஊருக்கு இருக்கிற ஒரே ஆபரேஷன் டாக்டர், வளைவுக்கு அப்பால், எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தார்.

“இருப்பாங்க சாமி” என்றாள் மூக்கம்மா.